தோல் உரியாத கொம்பு: ஒரு புள்ளிமான் பற்றிய நிகழ்வு ஆய்வு

காட்டில் உருக்குலைந்த மான் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் எழும் கேள்வி 'இது என்ன நோய்?' என்பதுதான். கொம்பில் வரும் கோளாறுகள் பலவற்றுக்கு இந்தக் கேள்வியே பொருந்துவதில்லை. 'இந்த மானுக்கு இதற்கு முன் என்ன நடந்தது?' என்று கேட்டால்தான் விடைக்கு வழி பிறக்கும். ஓர் ஆண் புள்ளிமானின் தலையில் வளர்ந்த வினோதக் கட்டியைப் பார்த்தது முதல் அது இறந்து உடற்கூறாய்வு முடிந்தது வரை இங்கே பதிவாகிறது. இடமும் ஆட்களும் தெரியாதபடி விவரங்களைத் தவிர்த்திருக்கிறோம்.

## பின்னணி

காட்டை ஒட்டிய பெரிய கல்வி வளாகம் அது. காட்டுக்கும் வளாகத்துக்கும் நடுவே பழைய முள்கம்பி வேலி. கம்பிகள் பல இடங்களில் தளர்ந்து தொங்கியதால் மான்கள் அவற்றின் அடியில் புகுந்து போய்வரப் பழகியிருந்தன. வளாகத்தில் தெருநாய்களும் உண்டு. இயற்கை ஆர்வலர் குழு ஒன்று வளர்ந்த ஆண் மான்களுக்குப் படப் பதிவேடு வைத்திருந்தது. புள்ளிமானின் புள்ளி வரிசை மானுக்கு மான் மாறுபடும். விலாப்புறத்தைத் தெளிவாகப் படமெடுத்தால், கொம்பு விழுந்து அடையாளமே மாறிப்போன பிறகும் அது எந்த மான் என்று சொல்லிவிடலாம். கணக்கெடுப்புக்காகத் தொடங்கிய அந்தப் பதிவேடுதான் பிறகு இந்த மானின் மருத்துவ வரலாறாகவும் ஆனது.

கொம்பு வளரும் விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மாட்டுக் கொம்பு ஆயுள் முழுக்க நிற்கும். மான் கொம்பு அப்படியல்ல. அது முழுக்க எலும்பு, ஆண்டுதோறும் விழுந்து மறுபடி முளைக்கும். மண்டையோட்டில் நிலையாக இருக்கும் இரண்டு எலும்பு மேடுகளிலிருந்து அது கிளம்புகிறது. வளரும் காலத்தில் மென்மயிர் மூடிய தோல் அதைப் போர்த்தியிருக்கும். இதை 'வெல்வெட்' என்பார்கள். ரத்தக்குழாய்கள் நிறைந்த தோல் என்பதால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், கீறினால் ரத்தம் கொட்டும். உடலில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது உள்ளே எலும்பு இறுகுகிறது, ரத்த ஓட்டம் நிற்கிறது, தோல் காய்ந்து உரிகிறது. அந்த ஹார்மோன் இறங்கும்போது கொம்பின் அடியில் எலும்பு கரைந்து கொம்பு விழுகிறது. ஆக, தோல் உரியவும் கொம்பு நிலைத்து நிற்கவும் கட்டளை வருவது விரைகளிலிருந்து.

குளிர்நாட்டு மான்களில் பகல் நேரத்தின் நீளம் இந்தச் சுழற்சியை நடத்துவதால், ஒரு வட்டாரத்தின் ஆண்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கொம்பை உதிர்க்கின்றன. புள்ளிமானில் அந்த ஒழுங்கு இல்லை. ஒரே கூட்டத்தில், ஒரே நாளில், முற்றிய கொம்போடு ஓர் ஆண், வெல்வெட்டோடு இன்னொன்று, கொம்பே இல்லாமல் மற்றொன்று என்று பார்க்கலாம். அதனால் 'இந்த மாதத்தில் வெல்வெட் இருக்கக் கூடாதே' என்ற வாதம் இங்கே எடுபடாது. வெப்பநாட்டு மான்களைப் பார்ப்பவர்கள் குளிர்நாட்டுக் கையேடுகளை வைத்துக்கொண்டு தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

## முதலில் கண்டது

முதலில் சொன்னவர் இரவுக் காவலாளி. "சார், அந்தக் குளத்தோரம் நிக்கிற ஆம்பள மானுக்குத் தலையில புத்து மாதிரி என்னமோ வளந்திருக்கு சார். கிட்டப் போய்ப் பாத்தா பயமா இருக்கு" என்றார். மறுநாள் காலை படம் எடுத்தோம். இரண்டு கொம்புகளும் கையளவுகூட நீளமில்லை, ஆனால் அடிப்பகுதி அளவுக்கு மீறித் தடித்திருந்தது. நெற்றியை ஒட்டிச் சுற்றிலும் சிறியதும் பெரியதுமாக முண்டுகள். எல்லாவற்றையும் வெல்வெட் தோல் மூடியிருந்தது. இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு.

அதற்குள் வேறு யாரோ எடுத்த படம் கைபேசிகளில் பரவிவிட்டது. கதிர்வீச்சு, பிளாஸ்டிக், செல்போன் கோபுரம், புற்றுநோய் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மற்ற மான்களுக்குத் தொற்றுமா, குழந்தைகளை அந்தப் பக்கம் அனுப்பலாமா என்ற கேள்விகளும் வந்தன. இந்தக் கடைசி இரண்டு கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்கு விடை சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

தொலைவிலிருந்து தொடர்ந்து கவனித்ததில் மேலும் சில விஷயங்கள் தெரிந்தன. மான் மெலியவில்லை, நன்றாகவே மேய்ந்தது. கழுத்து மட்டும் பெண் மானுடையதைப் போல ஒடுங்கியிருந்தது. இணைசேரும் காலத்தில் மற்ற ஆண்கள் கத்தின, ஒன்றோடொன்று கொம்பு கோத்தன, பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளைகளில் முகத்தைத் தேய்த்து மணத்தடம் வைத்தன. இந்த மான் இவற்றில் எதையும் செய்யாமல் பெண் மான்களோடும் குட்டிகளோடும் மேய்ந்துகொண்டிருந்தது. பின்புறமிருந்து எடுத்த படங்களில் விரைப்பை சுருங்கித் தட்டையாகத் தெரிந்தது. இடது தொடையின் உட்புறத்தில் மயிர் முளைக்காத நீண்ட தழும்பு ஒன்றும் இருந்தது.

## எதுவாக இருக்கலாம் என்று பார்த்தது

வனத்துறையின் கால்நடை மருத்துவரிடம் படங்களைக் காட்டினோம். அவர் ஒவ்வொரு சாத்தியத்தையும் எடுத்து வைத்துக் கழித்துக்கொண்டே வந்தார்.

பாப்பிலோமா வைரஸால் வரும் தோல் கட்டிகள் மான்களில் அரிதல்ல. வட அமெரிக்காவின் வெண்வால் மான்களில் இவை நன்கு அறியப்பட்டவை. முகம், கழுத்து, கால் என்று தோலில் எங்கும் மயிரற்ற கரிய கட்டிகளாக வந்து, பெரும்பாலும் தாமாகவே வற்றிவிடும். இந்த மானிலோ கொம்பு முளைக்கும் இடத்தைத் தவிர உடலில் வேறெங்கும் கட்டி இல்லை. கட்டியின் மேல் இருந்ததும் வெல்வெட் தோல்தான்.

கால் காயமும் கொம்பைக் கெடுக்கும். பின்னங்கால் ஒன்றில் பலத்த அடிபட்டால் எதிர்ப்பக்கக் கொம்பு கோணலாக வளர்வதைப் பல இடங்களில் பதிவு செய்திருக்கிறார்கள். இடது பின்னங்கால் முறிந்த மானுக்கு வலது கொம்பு குட்டையாவது இப்படித்தான். வளரும் கொம்பிலேயே அடிபட்டாலும் அந்தப் பக்கக் கொம்பு வளைந்து தொங்கும். ஆனால் இவை ஒரு பக்கக் கோளாறுகள். இந்த மானுக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால், உடல் முழுவதையும் ஆளும் ஒரு காரணத்தைத் தேட வேண்டியிருந்தது.

முதுமையால் கொம்பு சிறுத்துப்போவது உண்டு. அப்போதும் வெல்வெட் உரியும்.

பிறவிக் கோளாறா? கடுமையான பிறவிக் கோளாறோடு காட்டில் வளர்ந்து ஆளாகும் மான்கள் மிகக் குறைவு. 2016இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓருடல் இருதலையாகக் கிடந்த வெண்வால் மான்குட்டிகளின் நுரையீரல்கள் ஒருமுறைகூட மூச்சு வாங்கியிருக்கவில்லை. அவை இறந்தே பிறந்தவை. இன்னொரு வகைப் பிறவிக் கோளாறு உயிரை வாங்காது: விரைகள் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடுவது. அலாஸ்காவின் கோடியாக் தீவில், அலியுலிக் தீபகற்பத்துக் கருவால் மான்களில் கணிசமான ஆண்களுக்கு இது இருந்ததும், அவற்றின் கொம்புகள் உருக்குலைந்திருந்ததும் ஆய்வில் தெரியவந்தன. அங்கே ஒரு கூட்டத்தில் பல ஆண்கள் பாதிக்கப்பட்டிருந்ததால் மரபணு, சூழல் மாசு என்ற கோணங்களில் தேடினார்கள். எங்கள் இடத்திலோ பதிவேட்டில் இருந்த மற்ற ஆண்கள் அனைத்தும் இயல்பாக இருந்தன. ஒரே ஒரு மான்தான். தண்ணீரிலோ தீவனத்திலோ காற்றிலோ கோளாறு என்றால் அது இந்த ஒன்றை மட்டும் தேடிப் பிடித்திருக்காது.

மிஞ்சியது ஒன்று: விரைகள் செயலிழந்தபின் கொம்பு அடங்காமல் வளர்வது. ஆணின் விரையை நீக்கினால் கொம்புச் சுழற்சி குலையும் என்பதை அரிஸ்டாட்டிலே எழுதிவைத்திருக்கிறார், 2300 ஆண்டுகளுக்கு முன்பு. கொம்பு முளைக்கும் முன்பே விரை போனால் கொம்பு முளைக்காது. வெல்வெட் பருவத்தில் போனால் அந்த வெல்வெட் உரியவே உரியாது. முற்றிய கொம்பு இருக்கும்போது போனால் சில வாரங்களில் கொம்பு விழுந்து, அடுத்து முளைப்பது நிரந்தர வெல்வெட்டாக நின்றுவிடும். ஐரோப்பாவின் ரோ மான்களில் இந்த வளர்ச்சி முகத்தையே மூடுமளவுக்குப் போகும். குளிர்நாடுகளில் உறைபனி பட்டு நுனிகள் கருகி உதிர்வதால் ஓரளவு கட்டுப்படுவதும் உண்டு. உறைபனி இல்லாத ஊரில் அந்தத் தடையும் இல்லை.

## பதிவேடு சொன்னது

மருத்துவரின் ஊகத்தைப் பதிவேட்டை வைத்துச் சரிபார்த்தோம். விலாப் புள்ளிகளை ஒப்பிட்டதில், முந்தைய ஆண்டு முற்றிய மும்முனைக் கொம்போடு நின்ற ஓர் ஆணும் இந்த மானும் ஒன்றே என்பது உறுதியாயிற்று. அப்படியானால் அப்போது விரைகள் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன, பிறவிக் கோளாறு இல்லை.

அதற்கு அடுத்த படங்களில் அதே மான் நொண்டுகிறது, தொடையிடுக்கில் ஈரப்புண். அதற்குச் சில வாரங்கள் கழித்து இரண்டு கொம்புகளும் இல்லை. அதன் முந்தைய சுழற்சியோடு ஒப்பிட்டால் விழ வேண்டிய காலத்துக்கு வெகு முன்பே விழுந்திருக்கின்றன. பிறகு வெல்வெட் முளைத்திருக்கிறது. மற்ற ஆண்கள் அதே அளவு காலத்தில் வளர்த்து, உரித்து, முற்றவைத்து முடித்த பிறகும் இது வெல்வெட்டிலேயே நின்றது.

காயம், கொம்பு விழுதல், உரியாத வெல்வெட் என்ற இந்த வரிசைதான் சான்று. ஒற்றைப் படத்தை மட்டும் ஒரு நிபுணரிடம் கொடுத்திருந்தால் 'வெல்வெட் பருவத்தில் இருக்கும் ஆண், கொம்பு சற்றுத் தடிப்பு' என்பதற்கு மேல் அவரால் உறுதியாக எதுவும் சொல்லியிருக்க முடியாது.

## தலையிடலாமா, வேண்டாமா

வனச்சரகர், மருத்துவர், வளாக நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், எங்கள் குழுவினர் என்று உட்கார்ந்து பேசினோம். இளம் தன்னார்வலர் ஒருவர் மயக்க ஊசி போட்டுக் கட்டியை வெட்டி எடுக்க வேண்டும் என்றார். "வலியோட அலையுது சார், நாம பாத்துட்டே இருக்கறதா?" என்று கேட்டார்.

மருத்துவர் பொறுமையாகவே பதில் சொன்னார். "வலி இருக்கற மிருகம் இப்படி மேயாதும்மா. இப்ப வெட்டுனா ரத்தம் நிக்காது, நின்னாலும் மறுபடி வளரும். மருந்து குடுத்து டெஸ்டோஸ்டிரோன ஏத்துனா தோல் உரியும், சரி. மருந்து தீந்ததும் கொம்பு விழுந்து திரும்ப இதே கதைதான். வாழ்நாள் பூரா இத ஊசி போட்டுப் பிடிச்சிட்டு இருக்க முடியுமா?"

மயக்க ஊசியின் ஆபத்தும் இருந்தது. மான்கள் துரத்தலையும் பிடிபடும் அதிர்ச்சியையும் தாங்காதவை. மிரண்டு ஓடும்போது உடல் சூடேறி, தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதித்து, பிடித்த அன்றே சாகலாம். நன்றாக எழுந்து ஓடிய மான் சில நாள் கழித்துச் சாவதும் உண்டு. நலமாக மேயும் விலங்கை இந்த ஆபத்துக்கு உள்ளாக்கக் காரணம் போதாது என்று முடிவாயிற்று.

சும்மா விட்டுவிடவும் இல்லை. எப்போது தலையிடுவது என்பதை அப்போதே எழுதிவைத்தோம்: கட்டி கண்ணை மறைத்தால், புழு வைத்தால், மேய்வது குறைந்தால், விலா எலும்பு தெரிந்தால். இப்படி முன்கூட்டியே எழுதிவைப்பதில் பெரிய நன்மை உண்டு. மான் ஒருநாள் பரிதாபமாக நிற்கும் படத்தைப் பார்த்து உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கும் நிலை வராது. வளாகத்தினருக்கு ஒரு பக்க அறிவிப்பு போனது: இது தொற்றாது, பழைய காயத்தின் விளைவு, கிட்டப் போக வேண்டாம், உணவு வைக்க வேண்டாம், நிற்கும் இடத்தைப் பகிர வேண்டாம். வதந்தி அடங்கியது இந்த அறிவிப்பால் என்பதைவிட, மற்ற ஆண் மான்கள் நலமாக இருப்பதைக் காட்டும் படங்களைச் சேர்த்து அனுப்பியதால் என்றே எனக்குத் தோன்றுகிறது.

## மழைக்காலத்தில்

மழை தொடங்கியபின் கட்டி வேகமாகப் பெருத்தது. வலப்பக்க முண்டு ஒன்று தொங்கி இமையைத் தொட்டது. மான் தலையை அடிக்கடி உதறிக் காதால் விசிறிக்கொண்டது. சில நாளில் கட்டியின் அடியில் ஈரக்கசிவும், அதில் புழுக்களும் தெரிந்தன. உயிருள்ள சதையைத் தின்னும் கிரைசோமியா வகை ஈயின் புழுக்கள் அவை. புண்ணின் ஓரத்தில் அந்த ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும், பிறகு ஒரு வாரம் சதைக்குள் தலை புதைத்துத் தின்னும். எழுதிவைத்த வரம்புகளில் இரண்டு தாண்டப்பட்டுவிட்டன.

விடியற்காலைக் குளிர்ச்சியில் மருத்துவர் மயக்க மருந்துகளான சைலசினும் கெட்டமினும் கலந்து ஊசி எய்தார். துரத்தவில்லை. மேய்ந்துகொண்டிருந்த இடத்திலேயே வாய்ப்பு வரும்வரை காத்திருந்துதான் எய்தார். விழுந்ததும் கண்ணைத் துணியால் கட்டி, நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்தோம். அசைபோடும் விலங்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் வயிறு உப்பும், இரைப்பையில் இருப்பது மூச்சுக்குழலுக்குள் போகும். ஒருவர் உடல் வெப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். 41 டிகிரி செல்சியஸை நெருங்கினால் வேலையை நிறுத்திவிட்டு எழுப்பிவிடுவது என்று பேச்சு. அந்த அளவுக்குப் போகவில்லை. புழுக்களை எடுத்து, புண்ணைக் கழுவி, புழுக்கொல்லி மருந்தான ஐவர்மெக்டின் போட்டு, கண்ணை மறைத்த முண்டை மட்டும் அடியில் இறுக்கிக் கட்டிச் சுட்டு நீக்கினார்கள். மற்றதைத் தொடவில்லை. தொடையிடுக்கைத் தடவிப் பார்த்தபோது விரைகளின் இடத்தில் சிறிய கெட்டி முடிச்சுகள் மட்டும் தட்டுப்பட்டன. மயக்கம் தெளிவிக்கும் யோகிம்பின் போட்டதும் மான் எழுந்து புதருக்குள் போனது.

புண் ஆறியது. அந்த மழைக்காலம் முழுக்க அது மேய்ந்ததைப் படங்கள் காட்டுகின்றன. வெட்டிய இடத்தில் மருத்துவர் சொன்னபடியே மறுபடி முண்டு கிளம்பியது.

## இறப்பும் உடற்கூறாய்வும்

கோடை மழைக்குப் பிறகு ஒருநாள் மான் வட்டமடித்து நடப்பதாகக் காவலாளி சொன்னார். ஆட்கள் சேர்ந்து போவதற்குள் குளக்கரையில் இறந்து கிடந்தது.

உடலை உடனே திறக்கவில்லை. முதலில் காதின் ரத்தக்குழாயிலிருந்து ரத்தத் துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமி இல்லை என்று உறுதி செய்தார்கள். அந்த நோயில் இறந்த உடலைத் திறந்தால் கிருமி காற்றுப்பட்டு வித்துகளாக மாறி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். காரணம் ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கும் உடலில்கூட இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

கட்டியின் மேற்பரப்பு ஆறியதுபோல் தெரிந்தாலும் அடியில் சீழ் இருந்தது. அது எலும்பு மேட்டின் வழியாக நெற்றி எலும்பைக் கடந்து மூளையுறை வரை போயிருந்தது. வட்டமடித்த நடைக்குக் காரணம் அதுதான். கட்டியின் உட்புறம் இறுகாத எலும்பும் நாரும் கலந்த திசு. புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை. விரைகள் இரண்டும் நார்த்திசுவாகச் சுருங்கியிருந்தன, விந்தணு உற்பத்தி செய்யும் குழல்கள் அழிந்திருந்தன. தழும்பு நீளமான கிழிசலால் ஏற்பட்டது என்பது உறுதி. முள்கம்பியா நாய்க்கடியா என்பதை ஆறிப்போன தழும்பை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்று அறிக்கை சொன்னது. இரைப்பையில் கொஞ்சம் பிளாஸ்டிக் கிடந்தது. படம் பரவியபோது பிளாஸ்டிக்கைக் காரணமாகச் சொன்னவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் அதற்கும் கொம்புக்கும் தொடர்பில்லை. தனியாகக் கவனிக்க வேண்டிய கேடு அது.

## இனி எப்படிச் செய்வது

படப் பதிவேட்டில் இப்போது ஆண் மான்களைப் பின்புறமிருந்தும் ஒரு படம் எடுக்கிறோம். விரைப்பையின் நிலையைப் பார்க்க வேறு வழி இல்லை. காயம்பட்ட ஆண் மான் ஒன்று தன் வழக்கமான காலத்துக்கு முன்பே இரண்டு கொம்பையும் உதிர்த்தால் அப்போதே மருத்துவருக்குத் தகவல் போகும், கட்டி தெரியும்வரை காத்திருப்பதில்லை.

தலையிடும் வரம்பும் மாறியிருக்கிறது. இனி இதுபோன்ற மானுக்குப் புழு தெரிவதற்காகக் காத்திருக்க மாட்டோம். ஈக்கள் மொய்ப்பதும் தலை உதறலும் தொடர்ந்தாலே மருத்துவர் நேரில் வந்து பார்ப்பார். மயக்க ஊசி ஒருமுறைக்கு மேல் தேவைப்படும் நிலை வந்தால், மறுபடி சிகிச்சையா அல்லது வலியின்றி உயிரை முடிப்பதா என்பதை வனத்துறை முதல் சிகிச்சையின்போதே பேசி வைத்துக்கொள்ளும். இந்தக் கடைசி விஷயத்தில் குழுவில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நிரந்தர வெல்வெட்டோடு இருக்கும் மானுக்கு ஒவ்வொரு மழைக்காலமும் புழுப்புண் அபாயத்தோடுதான் வரும் என்பதால், இரண்டாம் முறை பிடிப்பதைவிட முடித்துவிடுவதே இரக்கம் என்பது என் கருத்து. அந்த இளம் தன்னார்வலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மான் கூடுதலாக மேய்ந்த அந்த மாதங்களை அவர் சுட்டிக்காட்டுகிறார், அதையும் ஒதுக்கிவிட முடியாது.

தளர்ந்த முள்கம்பியை அகற்றி, மான்கள் புகும் இடங்களில் அடிக்கம்பி இல்லாத வேலி போடும் வேலை பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடும் பணி தொடங்கியிருக்கிறது. மண்டையோட்டையும் கொம்புக் கட்டியையும் வனத்துறை பயிற்சிக்காகப் பதப்படுத்தி வைத்திருக்கிறது. அதனுடன் அந்த மானின் படங்களும் தேதிவாரியாக வைக்கப்பட்டுள்ளன.